‘இல்லை’ என்று நான் எழுதிய பெண்

இது நடந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. அப்போது தருமபுரியில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். நடந்த இடம் பென்னாகரம் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பாதி ஊர்களின் பெயர் ‘அள்ளி’யில்தான் முடியும், அதுவும் அப்படித்தான்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வீட்டில் என்னை ‘ஜல்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உருதுவில் ஜல்தி என்றால் சீக்கிரம். சாப்பாடு, நடை, பேச்சு எல்லாமே எனக்கு ஓட்டம்தான். எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நான் முடித்துவைப்பேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று இருபது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு டவுனில் மெத்தைக் கடை. வீட்டில் உருது, கடையில் தமிழ். இரண்டு மொழி தெரிந்த குடும்பம் என்பதால் மொழி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு வேறு இருந்தது.

எங்கள் கல்லூரியில் சேவை செய்துகொண்டே படிப்பது என்று ஒரு திட்டம் இருந்தது. படிக்கிற பாடத்தைக் கொண்டுபோய் ஏதாவது ஓர் ஊருக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வேலை செய்ய வேண்டும். அதற்குத் தனி கிரெடிட் உண்டு. யாருடைய வேலை சிறப்பாக இருக்கிறதோ அவரை ஆண்டுவிழா மேடைக்குக் கூப்பிட்டு, ஷீல்டு கொடுத்து, வாசலில் இருக்கும் போர்டில் போட்டோ மாட்டுவார்கள். அந்தப் போர்டின் மேல்தான் எனக்குக் கண். மூன்று வருடத்தில் என் பெயர் மைக்கில் ஒலித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் தொலைத்த ஐடி கார்டு கிடைத்திருக்கிறது என்று சொல்வதற்காக. சேவை மனப்பான்மையில் போனேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அந்தப் போட்டோவுக்காகத்தான் போனேன்.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த வேலை இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பென்னாகரத்தில் ஒரு முகாம் நடக்க இருந்தது. டாக்டர்கள் வந்து பார்த்து, அடையாள அட்டைக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் எழுதிக்கொடுப்பார்கள். அதற்கு முன்னால் நாங்கள் சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகப் போய், நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள், கண் தெரியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் முகாம் அன்று கல்லூரி வேன் போகும். மலையோரத்து ஊர்களில் டவுன் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடக்க முடியாதவர்களை அதில் ஏற்றிக்கொண்டு வருவது யாராலும் ஆகாது. ஆகவே பட்டியலில் பெயர் இருந்தால்தான் முகாம், இல்லாவிட்டால் வீடுதான்.

ஆளுக்கு ஓர் ஊர் பிரித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்க, நான் செல்போனிலேயே ஒரு படிவம் செய்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். விரலால் தட்டினால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடும். துறையில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மேடம் அதைப் பார்த்துவிட்டு மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கே எனக்கு மேடை தெரிய ஆரம்பித்துவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம், புளி இறங்கும் காலம். எனக்குக் கொடுத்த ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடம். தமிழ் எல்லோருக்கும் புரியும், நிறையப் பேருக்கு நன்றாகவே பேசவும் வரும். நாற்பது வீடுகளை ஒன்றரை நாளில் முடித்தேன். யாருக்கும் இல்லாத வேகம்.

கடைசித் தெருவில் ஓட்டு வீடு ஒன்று. வாசலில் ஓர் அம்மா தலையைக் குனிந்தபடி புளியங்காயைத் தட்டிக்கொண்டிருந்தார். மடியெல்லாம் ஓடு. நின்றபடியே கேட்டேன்.

“ஏங்கம்மா, வூட்டுல நடக்க முடியாதவங்க, காது கேக்காதவங்க, அப்படி யாராச்சும் இருக்காங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை முழுக்கப் புளி. முகவாயை வீட்டுப் பக்கமாக ஒரு வெட்டு வெட்டி, “இல்லி...” என்று ஆரம்பித்தார். நான் ‘இல்லை’யைத் தட்டிவிட்டு, “சரிங்க, வூட்டுல கக்கூஸ் இருக்குதுங்களா?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு அதற்குப் பதில் சொன்னார். இன்னும் நாலு கேள்வி. முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன்.

மறுநாளே அறிக்கை கொடுத்தேன். ‘இந்த ஊரில் மாற்றுத்திறனாளிகள் யாரும் இல்லை’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. மற்ற பிள்ளைகளின் அறிக்கையில் அடித்தல் திருத்தல், விட்டுப்போன வீடுகள், ‘மீண்டும் செல்ல வேண்டும்’ என்ற குறிப்புகள். என்னுடையது கண்ணாடி மாதிரி இருந்தது. மேடம் ஒரே ஒரு குறை சொன்னார், போட்டோ இல்லையாம். போட்டோ இல்லாத சேவையை எந்தக் கமிட்டி ஒத்துக்கொள்ளும்? பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, போட்டோ எடுப்பதற்காக மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன்.

புளி தட்டுகிற படம் நன்றாக இருக்கும் என்று அதே ஓட்டு வீட்டு வாசலில் போய் நின்று செல்போனை எடுத்தேன். உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, இந்த வாட்டியாவது உள்ள வந்து பாக்கறீங்களா?”

எட்டிப் பார்த்தேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு மரப்பலகை, அதன் அடியில் நாலு பழைய பேரிங். கையைத் தரையில் ஊன்றி உருட்டிக்கொண்டு வாசல் வரை வந்திருந்தாள். நிலைப்படி ஒரு சாண் உயரம். அதைத் தாண்டிப் பலகை வராது.

எடுத்த செல்போனைக் கீழே இறக்கினேன். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா எழுந்து, முகம் மலர, “பன்னி, பன்னி” என்றார். எனக்குச் சுருக்கென்றது. செய்த தப்புக்குத் திட்டுகிறார் போலிருக்கிறது, அதற்காக இப்படியா என்று நினைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். பலகை ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

“ஐயோ அக்கா, வாங்கன்னு சொல்றாங்க. கன்னடத்துல பன்னின்னா வாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே சிரிப்போடு சொன்னாள்: “அன்னிக்கும் அப்படித்தான். எங்கம்மா ‘இல்லி’ன்னாங்க. இங்கதான் இருக்குதுன்னு சொல்ல வந்தாங்க. நீங்க என்னை இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க.”

தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் எத்தனையோ சண்டை கேள்விப்பட்டிருக்கிறேன். ‘இங்கே’ என்பதும் ‘இல்லை’ என்பதும் காதில் ஒன்றாக விழும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் முடிக்கவிட்டிருக்கமாட்டேன்.

அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பித்தது. அவளுக்கு என்னைவிட ஒரு வயது குறைவு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்விட்டது. பத்தாவது வரை அவள் அப்பா மொபெட்டில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். நல்ல மார்க். மேல்நிலைப் பள்ளி தூரம், அப்பாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அதோடு படிப்பு நின்றது.

வீட்டுக்குள்ளேயே இருந்ததால் அவளுக்குக் காதுதான் எல்லாம். “உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்க்கா. எங்க ஊர்ல யாரும் அவ்ளோ வேகமா நடக்க மாட்டாங்க, நாய் தொரத்துனாத்தான்” என்றாள். என் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆமாம், இல்லை, ரெண்டே கட்டந்தானா? இருங்க, யோசிச்சு சொல்றேன்னு ஒரு கட்டம் வெக்கலியா?” என்று கேட்டாள். மூன்று வருடம் பி.சி.ஏ. படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை போனேன். கல்லூரியில் சேவை நேரம் காட்ட வேண்டும் என்பது சாக்கு. உண்மையில் அவளைப் பார்க்கப் போனேன். என் போனில் எக்செல் கணக்குத்தாள் போடச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது வாரமே ஊரில் எந்த வீட்டில் எத்தனை புளியமரம் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள், எல்லாம் காதால் கேட்டது. அவள் எனக்குக் கன்னடத்தில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். ஒந்து, எரடு, மூரு. நான் ‘எரடு’ என்று சொல்லும்போதெல்லாம் அம்மாவும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். அவள் அம்மா கேழ்வரகு அடை சுட்டுத் தருவார், சூடாக, முருங்கைக்கீரை போட்டு. எனக்குப் பொறுமையாகச் சாப்பிடத் தெரியும் என்பது அந்த வீட்டில்தான் எனக்கே தெரிந்தது.

அவள் கேட்பதெல்லாம் கல்லூரியைப் பற்றித்தான். கேன்டீனில் என்ன கிடைக்கும், பெஞ்சு எவ்வளவு உயரம், மழை பெய்தால் எங்கே நிற்பீர்கள். ஒரு நாள், “உங்க கிளாஸுக்குப் போக எத்தனை படிக்கா?” என்றாள். மூன்று வருடமாகத் தாவித் தாவி ஏறுகிறேன், ஒரு நாள்கூட எண்ணியதில்லை. திங்கட்கிழமை எண்ணினேன். நாற்பத்தாறு. அவள் அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. அதில் கூப்பிட்டுச் சொன்னேன். நாற்பத்தாறு என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “கைய ஊனி ஏறிடலாம்க்கா. பெல்லு அடிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்துட்டாப் போதும்” என்றாள்.

முகாமுக்கு நாள் இருக்கிறது என்று அதுவரை பட்டியலைத் திருத்தாமலே விட்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை போனபோது வாக்குக் கொடுத்தேன். “உன் பேரைப் பட்டியல்ல சேத்துடறேன். முகாம் அன்னிக்கு வேன் உன் வாசல்ல வந்து நிக்கும். முதல்ல வண்டி வாங்குவோம், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். அவள் அந்தப் பேச்சை அப்படியே கன்னடத்தில் அம்மாவிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்து எனக்கு நெட்டி முறித்தார்.

இனிமேல்தான் சொல்லக் கூசுகிற இடம்.

ஒரு தாளில் அவள் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு மேடத்தைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார், “உன் ரிப்போர்ட்டைத்தாம்மா கமிட்டிக்கு அனுப்பியிருக்கேன். ஒரு திருத்தம்கூட இல்லாத சர்வே உன்னோடதுதான். அனேகமா உனக்குத்தான் வரும்.”

கையில் இருந்த தாளை மடித்தேன். இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன். “தேங்க்யூ மேம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆண்டுவிழா வெள்ளிக்கிழமை, முகாம் அதற்கு அடுத்த வியாழக்கிழமை. விழா முடிந்ததும் திங்கட்கிழமை சொல்லிவிடலாம். நடுவில் மூன்று நாள் இருக்கிறது, ஒரு பெயரைச் சேர்க்க மூன்று நாள் போதாதா? அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எனக்குப் போட்டோவும் கிடைக்கும். எல்லாவற்றிலும் அவசரப்படுகிற நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாக இருந்தேன்.

அந்த வாரம் அவள் அம்மாவின் எண்ணிலிருந்து மூன்று தடவை அழைப்பு வந்தது. முதல் தடவை வகுப்பில் இருந்தேன். இரண்டாவது தடவை சும்மாதான் இருந்தேன். எடுத்தால் ‘பேரு சேத்துட்டீங்களாக்கா?’ என்று கேட்பாள், பொய் சொல்ல வேண்டும் என்று எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஆண்டுவிழா ஒத்திகை. மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அந்த எண் மின்னியது. போனைக் கவிழ்த்து வைத்தேன். திங்கட்கிழமை நல்ல செய்தியோடு நானே கூப்பிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மேடை ஏறினேன். மைக்கில் என் பெயர் ஒலித்தது. ‘விடுபடல் இல்லாத கணக்கெடுப்பு’ என்று வாசித்தார்கள். அம்மி, அதாவது என் அம்மா, புதுப் புடவை கட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அழுதது தெரிந்தது. ஷீல்டு கனமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அந்த அஞ்சு நிமிடம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ‘இல்லி’ முதல் கவிழ்த்து வைத்த போன் வரை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“இதைப் போன வாரம் சொல்லியிருந்தீன்னா அஞ்சு நிமிஷ வேலைம்மா. இப்ப வேன் ரெண்டுக்கும் ரூட் போட்டு, ஆளுக்குச் சீட்டு எழுதி முடிச்சாச்சு. அந்தப் பக்கமே வண்டி போகல.” எங்கெங்கேயோ போன் போட்டுப் பார்த்தார். கடைசியில், “யாராச்சும் கூட்டிக்கிட்டு வந்துட்டா டாக்டர் பாப்பாரு. பேரை நான் எழுதி வெக்கறேன். உன்னால கூட்டிட்டு வர முடியுமா?” என்றார். ஷீல்டைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க விதி எதுவும் இல்லை என்றார்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். செவ்வாய்க்கிழமையும் சுவிட்ச் ஆஃப். அந்த ஊரில் கரண்ட் போனால் வருவதற்கு இரண்டு நாள் ஆகும், சார்ஜ் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் கடையில் போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அதிகம் பேசமாட்டார். கேட்டுக்கொண்டே ஒரு மெத்தையின் வாயைத் தைத்து முடித்தார். நூலை அறுத்தார். “ஒரு பொண்ணை அங்க உக்காரவெச்சுட்டு நீ இங்க மேடை ஏறினியா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு அடி வாங்கினது போல இருந்தது. பிறகு, “காலைல டெம்போவை எடுக்கலாம். அன்னிக்கு லோடு வேணாம்” என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். டெம்போவின் பின்பக்கம் அப்பா ஒரு புது இலவம்பஞ்சு மெத்தையை விரித்திருந்தார். மலையோரத்து ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், அந்தப் பெண்ணுக்குக் குலுங்கக் கூடாது என்றார். ஒரு தலையணையும் வைத்திருந்தார். வழியெல்லாம் நான் அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று கன்னடத்தில் யோசித்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் மூன்றுக்கு மேல் எண்ணவே வராது.

வீடு பூட்டியிருந்தது. வாசல் பெருக்கி மூன்று நாலு நாள் ஆகியிருக்கும். பேரிங் வைத்த பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்து வீட்டம்மா வந்தார். அப்பாவைப் பார்த்து, “பாய், நிழல்ல நில்லுங்க” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் பெங்களூருக்குப் போயிட்டாங்கம்மா. அவங்கப்பா போன வாரம் நடுவுலயே வந்துட்டாரு, ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அங்கயே வேலை, அங்கயே தங்கறதுன்னு சொன்னாரு. அந்தப் பொண்ணை முதுகுல தூக்கிக்கிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாரு.”

முகாம் இன்றைக்குத்தானே, அவளுக்குத் தெரியுமே என்று கேட்டேன்.

“தெரியுங்கம்மா. அவங்கப்பாகிட்ட சண்டையே போட்டுச்சு. காலேஜ் அக்கா வண்டி வருமின்னு சொல்லியிருக்குது, நாலு நாள் இருந்து பாத்துட்டுப் போலாமின்னுச்சு. அவரு, வரும்னு உறுதியாச் சொன்னா இருக்கலாம், கேட்டுச் சொல்லுன்னாரு. போன் அடிச்சுது. நீங்க எடுக்கலீங்களாம். அக்காவுக்கு வேலை இருக்கும், நாமதான் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்லிட்டு, துணிய மடிச்சு வெக்க ஆரம்பிச்சுதுங்க.”

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். ‘வரும்’ என்று ஒரு வார்த்தை. அதைத்தான் கேட்டிருக்கிறாள். மைக்கில் என் பெயரைச் சொல்வதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நூறு தடவை சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது டெம்போவின் பின்பக்கம் அந்த மெத்தை விரித்தது விரித்தபடியே குலுங்கிக்கொண்டு வந்தது. அப்பா பென்னாகரத்தில் வண்டியை நிறுத்தினார். முகாம் நடக்கிற இடத்தில் நான் இறங்கி, வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் படிவம் நிரப்பிக்கொண்டும் சாயங்காலம் வரை இருந்தேன். அதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும், நேரம் காட்ட வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. யாராவது பதில் சொல்ல வாயெடுத்தால் முடிக்கிற வரை நின்றேன். ஒரு பெரியவர் தன் பெயரைச் சொல்வதற்கே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நின்றேன்.

அடுத்த வாரம் அந்த நாற்பது வீட்டுக்கும் மறுபடி போனேன், கன்னடம் தெரிந்த ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு. இன்னொருவரும் விட்டுப்போயிருந்தார், காது கேளாத ஓர் ஆள். அன்றைக்கு ஆடு மேய்க்கப் போயிருந்தாராம். அவர் பெயரைச் சேர்த்து, பழைய அறிக்கை தப்பு என்று எழுதிக்கொடுத்தேன். மேடம் அதை வாங்கி முன்னால் இருந்த அறிக்கையோடு சேர்த்துத் தைத்து வைத்தார். போர்டில் என் போட்டோ அந்த வருடம் முழுக்க இருந்தது. நான் பின்வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது தருமபுரியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் பூராவும் படிவம்தான். என் வேகத்தைப் பார்த்த பழைய சிநேகிதிகள் வந்தால், ஏன்டி இப்படி ஆமையாகிவிட்டாய் என்று கேலி செய்வார்கள். வரிசை நீண்டால் வெளியே முணுமுணுப்பும் கேட்கும். கேட்டால் கேட்கட்டும்.

அவளைத் தேடாமல் இல்லை. அந்த எண் ‘உபயோகத்தில் இல்லை’ என்று ஆகிவிட்டது. அவர்கள் ஊருக்கு மூன்று தடவை போனேன். ஒரு தடவை வீட்டின் ஓடு சரிந்திருந்தது, அடுத்த தடவை பலகையைக் காணவில்லை. யாரோ வந்து எடுத்துப் போயிருக்க வேண்டும், அவர்களாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம் என் எண்ணை எழுதிக்கொடுத்திருக்கிறேன், அவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு முறை பெங்களூரு போயிருந்தோம். பஸ்ஸில் இருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கட்டடம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. எந்தக் கட்டடத்தின் அடியில், எந்தத் தகரக் கொட்டகையில் என்று தேடுவது? பஸ் சிக்னலில் நின்ற போதெல்லாம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அம்மி, காற்று வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவளுக்கு இப்போது இருபத்து நாலு வயது. யாரோ ஒருத்தர் அவள் பேச்சை முழுசாகக் கேட்டிருப்பார்கள், வண்டி வந்திருக்கும், படித்துக்கொண்டிருப்பாள், நாற்பத்தாறு படி இல்லாத ஒரு கல்லூரியில் என்று நினைத்துக்கொள்கிறேன். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு என்மேல் கோபம் வந்திருக்காது என்பதுதான் தாங்க முடியவில்லை.

எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். சில சமயம் பெங்களூரிலிருந்து பேசுவார்கள், கன்னட வாடை அடிக்கிற தமிழில். அவர்கள் சொல்லி முடிக்கிற வரை கேட்கிறேன், பாதியில் வைப்பதில்லை. எடுத்ததும் “சொல்லுங்க, நான்தான் பேசறேன்” என்று நான் சொல்வது மறுமுனையில் யார் இருந்தாலும் அவளுக்காகத்தான். என்றைக்காவது ஒருநாள் அது அவள் காதில் விழாதா என்று இருக்கிறது.